வணிகப் பிரிவு எங்கள் பிள்ளைகளுக்கு மிச்சமா, தெரிவா?



கொஞ்சம் நீளமான பதிவு. சாதாரண தரம் எழுதிய பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். பிள்ளையிடமும் வாசிக்கக் கொடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் சா/த பெறுபேறு வந்த கையோடு இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஒரே பேச்சுத்தான். "சேர், சயன்ஸ் செய்ய இங்க டீச்சர் இல்ல. மெத்ஸும் இல்ல. ஆர்ட்ஸா, கொமர்ஸா?" கேட்பது பிள்ளை. பதில் சொல்வது பெரும்பாலும் பாடசாலையின் நேரசூசி. பௌதிகவியல் ஆசிரியர் இல்லை, இரசாயனவியல் ஆய்வுகூடம் இல்லை. வணிகப் பிரிவுக்கு ஒரு கரும்பலகையும் ஓர் ஆசிரியரும் போதும் என்பதால் அதைத் தொடங்கிவிடுகிறோம். விஞ்ஞானம் படிக்கத்தான் வேண்டும் என்று நிற்கும் பிள்ளை ஹட்டனுக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ போய் விடுதியில் தங்க வேண்டும். கொழுந்து பறிக்கும் வீட்டிலும் பால் வெட்டும் வீட்டிலும் அதற்குக் காசு எங்கே?

இப்படி வேறு வழியில்லாமல் வந்து சேர்கிற பாடத்தை யார் மதிப்பார்கள்? "சயன்ஸ் கிடைக்கல, அதனால கொமர்ஸ்" என்று பிள்ளையே தன்னைப் பற்றிச் சொல்கிறது. பெற்றோரும் அப்படியே சொல்கிறார்கள். ஆசிரியர் அறையிலும் அதே பேச்சு. கடைசியில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என்ற மூன்று பாடங்களும் பரீட்சைக்கு முதல் நாள் மனனம் செய்து மறுநாள் மறக்கிற பாடங்களாகிவிடுகின்றன.

எங்கள் கருத்து இதற்கு நேர் எதிர். தோட்டத்துப் பிள்ளைக்கும், தோட்டத்தைச் சுற்றிக் கடை வைத்திருக்கும் எங்கள் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கும், இந்த நாட்டில் கணக்கீட்டைவிட நெருக்கமான பாடம் வேறு இல்லை. அதை மிச்சப் பாடமாக நடத்துவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். ஏன் என்று சொல்கிறோம்.

பிறர் எழுதிய கணக்கு

தோட்டத்து வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த கங்காணி வழிச்செலவுக்கு முற்பணம் கொடுத்தார். அந்த முற்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. தோட்டம் மாற வேண்டுமென்றால் "துண்டு" வேண்டும். இவ்வளவு கடன் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் ஒரு தாள்தான் துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் மறுபடியும் தொழிலாளியின் தலையில்தான். தான் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டினோம், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அவருக்குத் தெரியாது. எழுதியவர்கள் வேறு, எழுதப்பட்டவர்கள் வேறு. 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு போனாலும் கொப்பி போகவில்லை. செக்ரோல் வந்தது. கணக்கப்பிள்ளை பேர் போட்டார். முழுப் பேரா, அரைப் பேரா, எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு, கைக்காசு எவ்வளவு என்று எல்லாம் இன்னொருவர் கையெழுத்தில். தோட்டத்தில் அதிகாரத்தின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது, பாருங்கள். மலையில் நின்று வேலை வாங்குகிறவருக்குக் "கணக்கப்பிள்ளை" என்றுதான் பெயர். ஆபீசில் இருக்கிறவர் பெரிய கிளாக்கர். இருவர் கையிலும் பேனை இருந்தது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசிடம் போயின. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. 1992இல் தோட்ட முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நிர்வாகம் மூன்று தரம் மாறியது. ஆனால் சம்பளத் துண்டைக் கையில் வாங்கிய அம்மா அதைப் பிள்ளையிடம் நீட்டி "எவ்வளவு போட்டிருக்கான்னு பாரு" என்று கேட்பது இன்னும் மாறவில்லை. பிள்ளை கடைசி வரியைப் பார்த்துத் தொகையைச் சொல்லும். நடுவில் உள்ள வரிகளை வாசிக்க வைப்பதுதான் கணக்கீட்டு ஆசிரியரின் வேலை என்று நாங்கள் நம்புகிறோம்.

சம்பளத் துண்டில் ஒரு பாடம்

வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய ஒரு கணக்கு. 2024இல் வர்த்தமானியில் வந்த குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா. ஓர் அம்மா ஒரு மாதத்தில் 25 நாள் வேலை செய்தார் என்று வையுங்கள். 25 தர 1,350, மொத்தம் 33,750 ரூபா.

இதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,700 ரூபா அவர் சம்பளத்திலிருந்து கழியும். தொழில் கொடுநர் தன் பங்காக 12 வீதம், 4,050 ரூபா போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம், 1,012.50 ரூபா. அது முழுக்கத் தொழில் கொடுநரின் காசு, சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

இப்போது பிள்ளையிடம் கேளுங்கள். அம்மாவின் கைக்கு வருவது எவ்வளவு? வேறு கழிவுகள் இல்லையென்றால் 31,050. கம்பனிக்கு அம்மாவின் ஒரு மாத உழைப்பின் செலவு எவ்வளவு? 38,812.50. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 7,762.50 ரூபா எங்கே போகிறது, யாருடையது, எப்போது கிடைக்கும்? அது அம்மாவுடைய காசு. அடுத்த மாத முடிவுக்குள் நிதிக்குப் போய்ச் சேர வேண்டிய காசு. போகும் வரை கம்பனியின் புத்தகத்தில் அது ஒரு பொறுப்பு.

"செலுத்த வேண்டிய செலவு" என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் பத்துத் தரம் வாசித்தும் விளங்காத பிள்ளைக்கு இந்த ஓர் உதாரணத்தில் விளங்கிவிடும். ஏனென்றால் அந்தக் காசு அதன் வீட்டுக் காசு.

இன்னொரு கணக்கு, பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 30 வருடம் வேலை செய்த ஒருவர் 1,350 ரூபா நாட்சம்பளத்தில் விலகினால் 14 தர 1,350 தர 30. விடை 5,67,000 ரூபா. விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாத்தாவுக்குக் கிடைத்த தொகை சரியா என்று பார்க்கத் தெரிந்த பேரப்பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்!

உயர் தர வகுப்புக்கு இன்னும் ஒரு படி மேலே போகலாம். பலாங்கொடை பிளான்டேஷன்ஸ், காவத்தை பிளான்டேஷன்ஸ், களனி வெளி பிளான்டேஷன்ஸ் எல்லாம் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகள். ஆண்டறிக்கையை யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம். அதைத் திறந்தால் பிள்ளை தான் பிறந்து வளர்ந்த மலையை இலக்கங்களில் பார்க்கும். தேயிலைச் செடியும் இறப்பர் மரமும் அங்கே சொத்து. வருடா வருடம் விளைவு தரும் செடி என்பதால் 2016 முதல் அவற்றை இயந்திரம், கட்டடம் போலவே 16ஆம் இலக்க நியமத்தின் கீழ்க் காட்டி, தேய்மானமும் கழிக்கிறார்கள். வெட்டி விற்க வளர்க்கும் மரங்கள் மட்டும் 41ஆம் இலக்க நியமத்தில், சந்தைப் பெறுமதியில். பொறுப்புக்கள் பக்கத்தில் பணிக்கொடைக்கான ஏற்பாடு ஒரு பெரிய தொகையாக நிற்கும். அந்த ஒரு வரிக்குள் தான் அம்மா, அப்பா, சித்தி, மாமா எல்லாரும் இருக்கிறார்கள்.

இதைப் பார்த்த பிள்ளை "கொமர்ஸ் சும்மா பாடம்" என்று சொல்லாது. சம்பளப் பேச்சுவார்த்தை நேரத்தில் ஒரு பக்கம் "கம்பனி நட்டம்" என்றும் மறுபக்கம் "கம்பனி கொள்ளை லாபம்" என்றும் கத்தும்போது, கூற்றை எடுத்து வாசித்து இரண்டு பக்கத்தையும் கேள்வி கேட்கும். தொழிற்சங்கத்துக்கும் அப்படிப்பட்ட ஆள் வேண்டும். கம்பனிக்கும் வேண்டும்.

கடைக் கொப்பியும் மாணிக்கக் குழியும்

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். தோட்டத்து ஆட்களுக்கு "நானா கடை" தெரியாமல் இருக்காது. அரிசி, மா, பருப்பு, சீனி எல்லாம் கொப்பியில் எழுதி வாங்கி, சம்பளத்தன்று கட்டுவது. அந்தக் கொப்பியில் இரண்டு குடும்பங்களின் நம்பிக்கை இருக்கிறது. கொப்பி ஒழுங்காக இல்லாவிட்டால் இரண்டு குடும்பமும் நட்டப்படும். "நான் கட்டினேன்", "நீ கட்டல" என்ற சண்டையில் முப்பது வருடப் பழக்கம் முறிந்துபோவதைப் பார்க்கிறோம்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். சூரா அல்பகராவின் 282ஆம் வசனம். தொழுகை பற்றியோ நோன்பு பற்றியோ அல்ல, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றி. நீதமாக எழுத வேண்டும், எழுதத் தெரிந்தவர் மறுக்கக் கூடாது, தொகை சிறிதோ பெரிதோ சோம்பல்படக் கூடாது, சாட்சி வேண்டும் என்பதெல்லாம் அதன் கருத்து. இதை ஓதுகிற சமூகத்தில்தான் "கடை இருக்கு, எதுக்கு ஏ.எல்.?" என்று பதினாறு வயதுப் பையனைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார வைக்கிறோம். கடை இருப்பதால்தான் அவன் கணக்கீடு படிக்க வேண்டும். ஸக்காத் கணக்குப் பார்க்கக்கூட இருப்பு எவ்வளவு, வரவேண்டிய கடன் எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று தெரிய வேண்டுமே?

இரத்தினபுரிப் பக்கத்தில் மாணிக்கத் தொழிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணிக்கக் குழி தோண்டினால் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரம் எடுத்தவருக்கு ஒரு பங்கு, நீர்ப் பம்பி கொடுத்தவருக்கு ஒரு பங்கு, குழியில் இறங்கியவர்களுக்கு ஒரு பங்கு. செலவு யாருடையது, கல் விற்ற பிறகு எதை முதலில் கழிப்பது என்பதெல்லாம் வாய்ப் பேச்சு. உயர் தரக் கணக்கீட்டில் பங்குடைமைக் கணக்கு என்று ஓர் அலகு இருக்கிறது. இலாபப் பகிர்வு, மூலதனத்துக்கு வட்டி, பற்றுகள். பெயர் தெரியாத இரண்டு கற்பனைப் பங்காளிகளை வைத்து அதைப் படிப்பிப்பதை விட, இரத்தினபுரியில் ஒரு குழியின் கணக்கை வைத்துப் படிப்பித்தால் பிள்ளை வீட்டுக்குப் போய் வாப்பாவோடு வாதாடும்.

யூடியூப்பில் தலைகீழாகும் வரவு

ஆசிரியர் பற்றாக்குறையால் பிள்ளைகள் இப்போது யூடியூப்பில்தான் கணக்கீடு படிக்கிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. இதைப் பெற்றோர் மட்டுமல்ல, புதிதாக வரும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டும்.

இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் டெபிட் என்றால் "வரவு", கிரெடிட் என்றால் "செலவு". தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் டெபிட் என்றால் "பற்று", கிரெடிட் என்றால் "வரவு". அதாவது ஒரே "வரவு" என்ற சொல் அங்கே ஒரு பக்கம், இங்கே மறுபக்கம். தமிழ்நாட்டு ஆசிரியரின் நல்ல பாடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை எல்லாப் பதிவையும் தலைகீழாகப் போடும். நல்ல பிள்ளை. உழைத்த பிள்ளை. புள்ளி பூச்சியம்.

போதாததற்குப் பேச்சு வழக்கில் வரவு என்றால் காசு வருவது, செலவு என்றால் காசு போவது. கணக்கீட்டில் வாடகை கட்டினாலும் வாடகைக் கணக்கு வரவு வைக்கப்படும். இந்த ஓர் இடத்தில் தடுக்கி விழுந்துதான் பல பிள்ளைகள் 12ஆம் தரத்தின் முதல் தவணையிலேயே "எனக்கு இது ஏறாது" என்று முடிவெடுக்கிறார்கள். ஏறாமல் இல்லை. சொல் குழப்புகிறது, அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

உயர் தரத்துக்குப் பிறகு எந்தக் கதவு?

மூன்று பாடமும் சித்தி என்று பெறுபேறு வருகிறது. அதன்பிறகு? இங்கேதான் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். கொழும்பில் புடைவைக் கடை, ஆடைத் தொழிற்சாலை, வெளிநாடு. மூன்றும் உழைப்புத்தான், கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் வேறு கதவுகள் இருப்பது தெரியாமல் போவது வேறு விஷயம்.

முதல் கதவு பல்கலைக்கழகம். வணிகப் பிரிவில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் இரத்தினபுரி இருக்கிறது, கேகாலை இல்லை. தெரணியகலையிலும் யட்டியாந்தோட்டையிலும் இருக்கும் பிள்ளைக்கும் பலாங்கொடையில் இருக்கும் பிள்ளைக்கும் வீட்டு நிலைமை ஒன்றுதான், கதவின் அகலம் ஒன்றல்ல. கேகாலைப் பிள்ளை இதை 12ஆம் தரத்திலேயே தெரிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் படிக்க வேண்டும். இரத்தினபுரி மாவட்டத்துக்குள்ளேயே, பெலிஹுல்ஓயாவில், சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ பீடம் இருக்கிறது. அந்த வழியால் பஸ்ஸில் போகும் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் கட்டடத்துக்குள் என்ன படிப்பிக்கிறார்கள் என்று தெரியும்?

இரண்டாவது, உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள். 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த அரச அமைப்பு இது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இருக்கிறது. எச்.என்.டி.ஏ. எனப்படும் கணக்கீட்டு உயர் தேசிய டிப்ளோமாவை முழுநேரமாகப் படித்தால் கற்கைக் கட்டணம் இல்லை. அந்தத் தகைமையைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று கேட்டு 2015 ஒக்டோபர் 29ஆம் திகதி கொழும்பில் மாணவர்கள் ஊர்வலம் போய் பொலிஸாரிடம் அடி வாங்கியது நினைவிருக்கும். அவ்வளவு போராடிக் காப்பாற்றுகிற ஒரு படிப்பு, பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருக்கிறது. ஒரே ஒரு தடை, மொழி. பாடம் ஆங்கிலத்தில்.

மூன்றாவது, தொழில்சார் பரீட்சைகள். 1987இல் தொடங்கிய ஏ.ஏ.டி., 1959இல் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம். இவை வெட்டுப்புள்ளி கேட்பதில்லை. வேலை செய்துகொண்டே படிக்கலாம். பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளை பட்டதாரிக்குச் சமமாக, சில இடங்களில் அதற்கு மேலேயும் போகக்கூடிய வழி இந்த நாட்டில் கணக்கீட்டுத் துறையில் இருக்கிறது. வைத்தியத்துறையில் இப்படி ஒரு பக்கவழி இல்லை. சட்டப் பரீட்சைக்குக் கொழும்புக்கு ஓட வேண்டும். கணக்கீட்டில் சொந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். ஆனால் பரீட்சைக் கட்டணம் உண்டு, மேலே போகப் போக ஆங்கிலம் உண்டு, நடைமுறைப் பயிற்சிக்கு ஒரு கணக்காய்வு நிறுவனம் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் எழுதும் வசதி எந்த மட்டம் வரை என்பதைப் பதியும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, நகரத்துத் தனியார் வணிகக் கல்லூரிகள். இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். நல்லவை இருக்கின்றன. ஆனால் குளிரூட்டிய அறை, பெரிய பெனர், பட்டமளிப்பு அங்கி, "டிப்ளோமா" என்று எழுதிய தங்க எழுத்துச் சான்றிதழ், இவ்வளவுதான் சரக்கு என்று இருப்பவையும் உண்டு. எங்களிடம் படித்த ஒரு பிள்ளை அப்படிப்பட்ட ஓர் இடத்தில், அம்மாவின் காதுத்தோட்டை அடகு வைத்த காசில், ஒரு வருடம் படித்தாள். நேர்முகத் தேர்வில் அந்தச் சான்றிதழைப் பார்த்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டு உயர் தரப் பெறுபேற்றைக் கேட்டாராம். தோடு இன்னும் மீளவில்லை. குறை அந்தப் பிள்ளையிடம் இல்லை, அம்மாவிடமும் இல்லை. காசு கட்டும் முன் என்ன கேட்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

ஆகவே இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. இந்த நிறுவனம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா? பதிவு இலக்கம் என்ன? 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். இலக்கத்தை வாங்கி ஆணைக்குழுவிடமே விசாரியுங்கள்.

2. இந்தப் பாடநெறிக்குத் தேசியத் தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. மட்டம் உண்டா? எத்தனையாவது மட்டம்?

3. சான்றிதழ் தருவது நீங்களா, ஏ.ஏ.டி. போன்ற வெளி நிறுவனமா? பரீட்சை வைப்பது யார்?

4. படிப்பிக்கும் மொழி எது? "தமிழும் உண்டு" என்றால் எந்த ஆசிரியர், வாரத்தில் எத்தனை மணி நேரம்?

5. மொத்தக் கட்டணம் எவ்வளவு? பரீட்சை, பதிவு, அங்கி, புத்தகம் எல்லாம் சேர்த்து. இடையில் நின்றால் எவ்வளவு திரும்பும்?

6. போன வருடம் படித்தவர்களில் இருவருடைய தொலைபேசி இலக்கம் தருவீர்களா?

ஆறாவது கேள்விக்கு முகம் சுளித்தால் எழுந்து வாருங்கள். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அரச தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. முதலில் அங்கே போய் விசாரித்துவிட்டுத் தனியாரிடம் போங்கள்.

"எல்லாரும் கணக்காளர் ஆகலாமா?"

ஆக முடியாது. இந்தக் கேள்வியைக் கேட்கிற சிலர் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். கொமர்ஸ் படித்த பிள்ளைதான் சுப்பர் மார்க்கட்டில் பில் போடுகிறது, பிறகு எதற்கு இந்தப் பாடு என்கிறார்கள். எங்கள் பதில்: பில் போடும் பிள்ளைக்குத் தன் சம்பளத்தில் எட்டு வீதம் கழிந்த காசு நிதிக்குப் போனதா என்று பார்க்கத் தெரிந்தால், நுண்கடன் எடுக்கும் அம்மாவிடம் வாரக் கட்டணத்தைக் கூட்டி உண்மையான வட்டி எவ்வளவு என்று காட்டத் தெரிந்தால், அந்தப் படிப்பு வீண் இல்லை. கணக்காளர் ஆகாத பிள்ளைக்கும் கணக்குப் பயன்படும்.

இன்னொரு ஆட்சேபனை பாரதூரமானது. கணக்கீட்டை இப்படிப் புகழ்ந்தால், விஞ்ஞான ஆசிரியர் போடாத அதிகாரிகளுக்கு அது சாட்டாகிவிடாதா? இந்தப் பயம் எங்களுக்கும் இருக்கிறது. அதனால் தெளிவாகச் சொல்கிறோம். ஒவ்வொரு வலயத்திலும் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் படிக்க ஒரு பாடசாலையாவது முழுமையாக இருக்க வேண்டும். அது பிள்ளைகளின் உரிமை. விஞ்ஞானக் கதவு மூடியிருக்கும் வரை வணிகப் பிரிவுக்கு வருகிறவர்களில் யார் விரும்பி வந்தார், யார் தள்ளப்பட்டு வந்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு கதவும் திறந்திருக்கும்போதுதான் அது தெரிவு. வணிகப் பாடத்தின் மரியாதைக்கே விஞ்ஞான ஆசிரியர் வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. கைக்கு எட்டுகிற நான்கு விஷயம்.

ஒன்று, 10ஆம் தரத்திலேயே தொடங்க வேண்டும். சா/தவில் வணிகப் பாடம் எடுக்காமல் உயர் தரத்தில் கணக்கீட்டுக்கு வரும் பிள்ளை, நீந்தத் தெரியாமல் ஆற்றில் இறங்குவது போலத்தான். அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் பக்கத்துப் பாடசாலையோடு சேர்ந்து சனிக்கிழமையில் ஒரு வகுப்பு வைக்கலாம். தோட்டப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் பல இடங்களில் ஒரு பஸ் தரிப்பிடத் தூரத்தில்தான் இருக்கின்றன. மொழி ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, பரீட்சை ஒன்று. ஆசிரியர் மட்டும் ஏன் இரண்டாக வேண்டும்?

இரண்டு, ஆங்கிலத்தை உயர் தரம் முடிந்த பிறகு தொடங்க வேண்டாம். ஒவ்வொரு கணக்கீட்டுப் பாடத்திலும் ஐந்து சொல். பேரேடு என்றால் லெஜர், பரீட்சை மீதி என்றால் ட்ரயல் பெலன்ஸ், தேய்மானம் என்றால் டிப்ரிசியேஷன். இரண்டு வருடத்தில் பிள்ளையின் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஓர் அகராதி இருக்கும். எச்.என்.டி.ஏ. வகுப்பின் முதல் நாளில் அழாமல் உட்காருவதற்கு அது போதும்.

மூன்று, பெற்றோருக்கு. சம்பளத் துண்டையும் கடைக் கொப்பியையும் பிள்ளையிடம் கொடுத்து ஒவ்வொரு மாதமும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளையாக இருந்தால் கட்டாயம். வீட்டுக் காசு எங்கே போகிறது என்று பதினாறு வயதில் தெரிந்துகொண்ட பெண்ணை நாற்பது வயதில் யாரும் ஏமாற்ற முடியாது.

நான்கு, எங்கள் பாடசாலைகளில் படித்து இன்று வங்கியிலும் கணக்காய்வு நிறுவனத்திலும் கம்பனியிலும் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு. பாடசாலைக்குக் கதிரை, மின்விசிறி அன்பளிப்புச் செய்கிறீர்கள், சந்தோஷம். அடுத்த முறை ஒரு பிள்ளைக்குப் பயிற்சி இடம் ஒன்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரு பிள்ளையின் ஏ.ஏ.டி. பரீட்சைக் கட்டணத்தைக் கட்டுங்கள். ஸக்காத் கொடுக்கும் எங்கள் வர்த்தகச் சகோதரர்களும், படிப்புக்கு வழியில்லாத ஏழை மாணவருக்கு எப்படி உதவலாம் என்று உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

துண்டு ஒழிந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. இன்னொருவர் எழுதிய கணக்கை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று எங்கள் முன்னால் கொப்பியைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் கொடுப்பது மிச்சப் பாடமாக இருக்கக் கூடாது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தமிழில் ஏ.ஏ.டி. வகுப்பு நடக்கும் இடங்கள், எச்.என்.டி.ஏ. முடித்த எங்கள் பிள்ளைகள், பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் பற்றித் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். சேர்த்துப் பட்டியலாக்கி எல்லாப் பாடசாலைகளுக்கும் அனுப்புகிறோம், இன்ஷா அல்லாஹ். அடுத்த பெறுபேறு வருவதற்குள் அந்தப் பட்டியல் பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டும்.